வரப்புத் தகராறும் நிலப் பாத்தியதையும்

நில வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எந்தச் சட்டத்தாலும் அளிக்கப்படவில்லை. எனினும், நிலத் தகராற்றினால் நின்றுபோகும் வேலைகளை முதலில் காண்பவர் அவரே. கிராமத்திற்கு ஓர் இணைப்புச் சாலை அனுமதியாகிறது. மதிப்பீடு தயாராகி, பணம் ஒதுக்கப்பட்டு, கப்பிக் கல்லும் வந்து இறங்கிய பிறகு, பாதையின் இரு பக்கத்து நிலக்காரர்களும் கடப்பாரையுடன் வந்து நிற்கிறார்கள். பாதை தம் நிலத்தில் இரண்டடி ஏறியிருப்பதாக ஒருவர் சொல்கிறார். எதிரியின் வரப்புத்தான் பாதையில் ஏறியிருக்கிறது என்கிறார் மற்றவர். நிதியாண்டு முடிகிறது, சாலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. ஆகவே இப்பொருள் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு எழுதுவது வளர்ச்சிப் பணிக்குப் புறம்பானதன்று.

சாலை நின்றது ஊருக்கு நஷ்டம். அவ்விரு குடும்பங்களுக்கு நேரும் நஷ்டமோ அதனினும் பெரிது. கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு புன்செய்களுக்கு இடையே உள்ள வரப்பின் நீளம் 300 லிங்க் எனக் கொள்வோம். அதாவது 198 அடி. ஆண்டுதோறும் உழவின்போது ஒரு பக்கத்தார் வரப்பைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, காலப்போக்கில் 2 லிங்க் அகலம், ஏறத்தாழ ஓர் அடி நான்கு அங்குலம், நகர்த்திவிட்டார். பறிபோன நிலம் 600 சதுர லிங்க். ஆயிரம் சதுர லிங்க் கொண்டது ஒரு சென்ட் ஆகையால், இது 0.6 சென்ட், சுமார் 261 சதுர அடி. மானாவாரியில் இவ்விடத்தில் நிலக்கடலை போட்டால் சில படிகளே தேறும். இதற்காக முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்கு, அதன்மேல் சார்பு நீதிமன்றத்தில் அப்பீல், அதற்கும் மேலே உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது அப்பீல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். இடையில் அடிதடி நேர்ந்தால் கிரிமினல் வழக்கு தனி. வக்கீல் செலவுக்காக அதே நிலத்தை அடமானம் வைத்தவர்களும் நம் கிராமங்களில் உண்டு.

ஆனால், "அற்ப நிலந்தானே, விட்டுக்கொடுங்கள்" என்று வெளியார் சொல்வது எளிது. நிலத்தை இழந்தவனுக்கு அது தன் வீட்டுச் சுவரைப் பிறர் இடித்தது போன்றது. அளவு சிறிதா பெரிதா என்று அவன் பார்ப்பதில்லை. விட்டுக்கொடுப்பதும் விடாதிருப்பதும் அவரவர் உரிமை. எதைப் பற்றிய தகராறு என்று தெரியாமலே கச்சேரி ஏறுவதுதான் வேண்டாதது.

மூன்று வேறு கேள்விகள்

நிலத்தைப் பற்றி மூன்று கேள்விகள் எழலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று; இது பாத்தியதை. இப்போது யார் உழுது அனுபவித்து வருகிறார் என்பது மற்றொன்று, இது அனுபோகம். இருவர் பாத்தியதையும் ஒத்துக்கொள்ளப்பட்ட பிறகும், இரண்டு நிலங்களுக்கும் நடுவே கோடு எங்கே போகிறது என்பது வேறொரு கேள்வி, இது எல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் இடம் வேறு, சான்று வேறு. கிராமத்தில் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், எல்லைக்கு அளவையாளரை அழைக்க வேண்டியவர் பட்டாவை ரத்து செய்யும்படி மனுப் போடுகிறார். பாத்தியதைக்கு வழக்குத் தொடுக்க வேண்டியவர், அளந்து கொடுங்கள் என்று தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார். அளவையாளர் எத்தனை முறை அளந்தாலும், இரண்டு பத்திரங்களில் எது செல்லும் என்று அவரால் சொல்ல இயலாது.

பட்டாவைப் பற்றி இங்கேயே ஒன்று தெளிவாக வேண்டும். பட்டா என்பது நில வரிக்குப் பொறுப்பானவர் யார் என்று அரசு பதிந்து வைத்திருக்கும் ஆவணம். அனுபோகத்துக்கும் பாத்தியதைக்கும் அது ஒரு துணைச் சான்றாகலாமே தவிர, பட்டாவினாலேயே நிலம் சொந்தமாகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. விக்கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, உயில், வாரிசுரிமை ஆகியவையே பாத்தியதையின் வேர்கள். பட்டாவில் பெயர் மாற்றுவது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் செய்வது. அவர் உத்தரவின்மேல் கோட்டாட்சியரிடம் அப்பீலும், மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. பாத்தியதை பற்றியே தகராறு எழுமானால், அதைத் தாமே முடிவு செய்யாமல் தரப்பினரைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி.

கல்லும் காகிதமும்

எல்லையைக் காட்டுபவை இரண்டு: மண்ணில் நட்ட கல், அலுவலகத்தில் உள்ள புலப்படம். சென்னை மாகாணத்தில் முறையான நில அளவை 1858-இல் தொடங்கியது. 66 அடி நீளமும் நூறு லிங்க்குகளும் கொண்ட சங்கிலியால் வயல்களை அளந்து, திருப்பம்தோறும் கல் நட்டு, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம் வரைந்தனர். அப்படத்தில் கல்லுக்குக் கல் உள்ள தூரமும், குறுக்குக் கோடுகளின் நீளமும் எழுதப்பட்டிருக்கும். இதன் பயன் பெரிது. ஒரு கல் காணாமற்போனாலும், பக்கத்தில் நிலையாக உள்ள கற்களிலிருந்து அளந்து, அது இருந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்துக் கற்களும் போய்விட்டால் வேலை கடினமாகிறது. எங்கிருந்து தொடங்குவது என்பதிலேயே சண்டை ஆரம்பமாகிறது.

1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி, அளவைக் கற்களைக் காப்பது நிலக்காரரின் கடமையாகும். காக்கத் தவறினால் அரசு கல்லை நட்டுச் செலவை அவரிடமே வசூலிக்கலாம். வேண்டுமென்றே பிடுங்கியவருக்குத் தண்டனை உண்டு. ஆயினும் டிராக்டர் கலப்பைக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி எறிந்த கல்லையும், ஆட்டுத்தொட்டிக்கு முட்டாக வைத்த கல்லையும், துணி துவைக்கும் கல்லாக மாறியதையும் யாரும் பார்க்கலாம். இதைக் குற்றம் என்று பலர் அறியார். பக்கத்து நிலத்தானுக்குத் தீங்கு என்று எண்ணிச் செய்பவர், நாளை தம் நிலத்துக்கும் அதுவே சாட்சி என்பதை மறந்துவிடுகிறார்.

முற்காலத்தில் கல் போனாலும் கர்ணத்தின் ஞாபகம் இருந்தது. எந்த வரப்பு எந்த ஆண்டில் யார் காலத்தில் நகர்ந்தது என்று அவருக்குத் தெரியும். (அந்த ஞாபகம் எப்போதும் நடுநிலையாக இருந்தது என்று சொல்வதற்கில்லை.) 1980-இல் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். மாறுதலாகிச் செல்லும் அலுவலருக்குப் பரம்பரை ஞாபகம் இராது. அவர் பதிவேட்டையே நம்ப வேண்டும். அதே சமயத்தில், 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாகத் திருத்தப்பட்டன. அத்திட்டத்தால் நன்மை மிகுதி. ஆனால் அவசரத்தில் பெயர் மாறியதும், உட்பிரிவு மாறியதும், அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறியதும் உண்டு. அப்போது வெளியூரில் இருந்தவரின் மக்கள் இன்று பட்டாவை எடுத்துப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். இத்தகைய பிழையைத் திருத்தவும் வருவாய்த் துறையில் வழியுண்டு; பழைய பதிவேட்டின் நகலையும் மூலப் பத்திரத்தையும் இணைத்து மனுச் செய்ய வேண்டும்.

அக்காலத்தில்தான் ஏக்கரும் சென்டும் போய், ஹெக்டேரும் ஏரும் பதிவேட்டில் வந்தன. இதனால் விளையும் வீண் கலகம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஏக்கர் நிலம் பட்டாவில் 0.40.5 என்று இருக்கும்; அதாவது 40.5 ஏர். இதை 40½ சென்ட் என்று படித்து, "மீதி அறுபது சென்ட்டை யாரோ எழுதிக்கொண்டான்" என்று பக்கத்து நிலத்துக்காரரைச் சந்தேகிப்பவர் இருக்கின்றனர். ஓர் ஏர் என்பது நூறு சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 2.47. பட்டாவில் உள்ள ஏரை 2.47 ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் இவ்வாய்பாட்டை எழுதி வைத்தால் எத்தனையோ பகை முளையிலேயே தீர்ந்துவிடும்.

அளப்பதற்கு முன்னும் பின்னும்

எல்லை ஐயத்துக்கு உரிய வழி, கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பிப்பதே. பொதுச் சேவை மையத்திலோ கணினி வழியிலோ விண்ணப்பிக்கலாம். பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றையும் இப்போது கணினியிலேயே பார்க்கலாம். அளவையாளர் வரும் நாள் அண்டை நிலக்காரர்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். அவர்கள் கோபத்தினால் வராமலிருப்பது பெருந்தவறு. வராதவர் பின்னால், எந்தக் கல்லிலிருந்து அளந்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்கிறார். அளக்கும் நாளில் கவனிக்க வேண்டியதே அதுதான். தகராறிலுள்ள வரப்பிலிருந்தே அளவு தொடங்கினால் அது பயனற்றது. தகராறில்லாத, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பழைய கற்கள் இரண்டு மூன்றைப் பிடித்து, அவற்றுக்கு இடையே உள்ள தூரம் புலப்படத்தோடு ஒத்திருக்கிறதா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். ஒத்த பிறகே உள்ளே வர வேண்டும். இன்று சங்கிலிக்குப் பதிலாக மின்னணுக் கருவிகளும் செயற்கைக்கோள் வழி நிலையறியும் கருவிகளும் வந்துள்ளன. கருவி எதுவாயினும் தொடக்கப் புள்ளி தவறினால் முடிவும் தவறும்.

எல்லைக் கோடு வரப்பின் நடுவே போவதாக எண்ணுவதும் சரியன்று. கல்லுக்குக் கல் நேராகப் போவதே எல்லை. வரப்பு வளைந்திருந்தால் அது நம் முன்னோர் மண் வெட்டிய வசதியைக் காட்டுமேயன்றி எல்லையைக் காட்டாது.

அளவில் திருப்தியில்லாதவர் மேல்நிலை அளவை அலுவலரைக் கொண்டு மறு அளவை கோரலாம். ஒன்றை மறத்தல் ஆகாது: அளவையாளர் கோட்டைக் காட்டுவாரேயன்றி, கோட்டைத் தாண்டி உழுபவரை வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை. அவர் போன மறுநாளே மண்வெட்டியோடு புதிய வரப்புப் போடப் போவது வழக்கை வலிய அழைப்பதாகும். எதிர்த் தரப்பு ஒப்பவில்லையெனில் நீதிமன்றமே வழி. நீதிமன்றமும் தேவைப்பட்டால் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, அளவையாளர் துணையுடன் இடத்தைப் பார்வையிடச் செய்யும். 1923-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசே ஒரு கிராமத்தை அளந்து எல்லைகளைத் தீர்மானித்து அறிவிக்கை வெளியிட்டிருந்தால், அதை எதிர்த்து வழக்கிட மூன்று ஆண்டுகளே கெடு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே மறு அளவை நோட்டீஸ் வரும்போது, அதைப் பரணில் செருகி வைக்கலாகாது.

அனுபோகத்தைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை

"பன்னிரண்டு வருஷம் உழுதால் நிலம் நமதே" என்னும் பேச்சு எல்லாக் கிராமங்களிலும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் 12 ஆண்டு என்ற கணக்கு இருப்பது மெய்யே. ஆனால் வெறும் உழவு போதாது. உண்மைச் சொந்தக்காரருக்கு எதிராக, அவர் அறியக்கூடியவாறு வெளிப்படையாக, இடைவிடாமல், இது என்னுடையது என்ற உரிமை கொண்டாடி அனுபவித்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பாரமும் அவ்வாறு சொல்பவரையே சேரும். குத்தகைக்கு உழுதவர், "நான் ஊருக்குப் போகிறேன், பார்த்துக்கொள்" என்று சொல்லி விடப்பட்டவர் ஆகியோரின் அனுபோகம் அனுமதியினால் வந்தது. எத்தனை ஆண்டானாலும் அதனாலேயே சொந்தமாகாது. கூட்டுக் குடும்ப நிலத்தில் ஒரு பங்காளியின் அனுபோகம் மற்றப் பங்காளிகளுக்காகவும் வைத்திருப்பதாகவே பொதுவாகக் கொள்ளப்படும். அரசு நிலத்துக்குக் கெடு 30 ஆண்டு; அதற்குள் 1905-ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்துவிடும்.

எதிர்ப்புறத்திலும் ஒரு பாடம் உண்டு. தன் நிலம் பறிபோவதைக் கண்டும் வாயடைத்திருப்பவர் நாளடைவில் உரிமையை இழக்கக் கூடும். சட்டப்படியன்றிப் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், பாத்தியதையை நிரூபிக்கும் சிரமமின்றியே அனுபோகத்தைத் திரும்பப் பெற வழக்கிடலாம். ஆனால் அதற்கு ஆறு மாதமே அவகாசம். வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றும் அபாயம் இருந்தால் கோட்டாட்சியர் தலையிடலாம். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, பழைய 145-ஆம் பிரிவைப் போன்றே இதற்கு இடமளிக்கிறது. அவர் பார்ப்பதும் அனுபோகம் யாரிடம் என்பதையே, பாத்தியதையை அன்று.

பாகமும் பத்திரமும்

வரப்புத் தகராறுகளில் பெரும்பகுதி அண்டை வீட்டாரிடையே தோன்றுவதாகத் தெரியினும், தோண்டிப் பார்த்தால் ஒரே தகப்பன் பிள்ளைகளின் பாகத்தில் போய் முடிகிறது. மூன்று ஏக்கரை மூன்று சகோதரர்கள் வாய்மொழியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பட்டா கூட்டாகவே இருக்கிறது, உட்பிரிவு செய்யப்படவில்லை, கல்லும் நடவில்லை. அடையாளம் ஒரு வேப்ப மரம். அவர்கள் காலத்தில் சண்டை இல்லை. பிள்ளைகள் காலத்தில் மரம் பட்டுப்போகிறது. ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்கிறார்; வாங்கியவர் பத்திரத்தில் கண்ட அளவுக்கு முளை அடிக்கிறார்; அன்று தொடங்குகிறது வினை. சகோதரியின் கையொப்பம் இல்லாத பாகப் பத்திரம் மற்றொரு விதை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்துள்ளன. "சீர் செய்தாகிவிட்டது" என்பது சட்டத்தின் முன் விடையாகாது.

விற்பனையிலும் ஒரு கணக்குப் பிழை நேர்கிறது. மூன்று ஏக்கர் உடையவர் நால்வருக்கு 80 சென்ட் வீதம் விற்றால் 3 ஏக்கர் 20 சென்ட் ஆகிறது. இல்லாத 20 சென்ட்டை யார் இழப்பது? நால்வரும் ஐந்தைந்து சென்ட் குறைத்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சமரசமாகலாம், சட்டம் அன்று. முன்பு வாங்கியவருக்குப் போனதை, பின்பு வாங்கியவருக்கு விற்பவரால் கொடுக்க இயலாது. கடைசியில் வாங்கியவர் விற்றவரிடமே ஈடு கேட்க வேண்டும். மேலும், பத்திரத்தில் கண்ட நான்கெல்லையும் விஸ்தீரணமும் முரண்பட்டால், தெளிவான நான்கெல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் நெறி. எனவே வாங்குபவர் வில்லங்கச் சான்றோடு நிற்காமல், பத்திரம் பதியும் முன்பே நிலத்தை அளந்து, அண்டை நிலக்காரர்களை அழைத்து முளைகளைக் காட்டுவது நல்லது. அளவைச் செலவு பத்திரச் செலவில் ஒரு சிறு பகுதியே.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

தனியார் நிலத்தின் எல்லையைத் தீர்மானிக்கப் பஞ்சாயத்துக்கு அதிகாரமில்லை. அபராதம் விதிப்பதும், ஊர்க்கட்டுப்பாடு போடுவதும், சொன்னதைக் கேளாதவரின் தண்ணீரை நிறுத்துவதும் குற்றமே. கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே கண்டித்துள்ளது. ஆனால் இரு தரப்பும் மனமொத்து வந்தால் பேசிவைக்கப் பஞ்சாயத்தாருக்குத் தடை ஏதுமில்லை. அவர்களை விடத் தகுந்தவரும் கிடைப்பது அரிது.

பேச்சுக்கு உட்காருமுன் இரு தரப்பின் மூலப் பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். காகிதமில்லாப் பேச்சு பழங்கதையில் போய்விடும். உடன்பாடு ஏற்பட்டால் அத்தோடு விட்டுவிடலாகாது. வெற்றுத்தாளில் எழுதிக் கைநாட்டு வாங்கி, தலைவர் வீட்டுப் பெட்டியில் வைத்த எத்தனையோ சமரசங்கள் அவர் காலத்துக்குப் பின் கறையானுக்கு இரையாயின. நிலத்துண்டை மாற்றிக்கொள்வதாயின் பரிவர்த்தனைப் பத்திரம் பதிவு செய்ய வேண்டும். பதியாத பரிவர்த்தனை செல்லாது. அதன்மேல் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, புதிய கல் நட்டு, புலப்படத்திலும் கோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். வழக்கு ஏற்கெனவே இருந்தாலும், இனிமேல்தான் தொடுக்க வேண்டியதாயினும், தாலுகா சட்டப்பணிகள் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கு ஏற்படும் சமரச முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் இல்லை. நிலுவை வழக்குக்குச் செலுத்திய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பஞ்சாயத்தின் சொந்தக் கடமை வேறொன்றும் உண்டு. வண்டிப் பாதை, ஓடை, வாய்க்கால், களம், மயானம் ஆகியவற்றின் சர்வே எண்களையும் அகலத்தையும் பஞ்சாயத்தார் அறிந்திருக்க வேண்டும். தனியார் இருவர் சண்டையில் நடுவே உள்ள வண்டிப் பாதை சத்தமின்றிக் கரைந்துபோவது வழக்கம். இரு பக்கமும் ஒரு முழம் செதுக்கினால் இருபதாண்டில் வண்டி போன இடத்தில் ஆடுதான் போகும். இதற்குக் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருடன் ஆண்டுக்கொருமுறை சுற்றி வருவதே போதும். தை அறுவடை முடிந்து மாசி பங்குனியில் நிலம் வெறுமையாயிருக்கும்போது கல் கண்ணுக்குப் படும். பயிர் நிற்கையில் அளக்கவும் முடியாது, அளந்தால் பயிரும் மிதிபடும். காணாமற்போன கற்களைச் சர்வே எண் வாரியாகக் குறித்து, பங்குனிக்குள் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் சேர்த்துவிட்டால், கோடையில் நடைபெறும் ஜமாபந்தியில் அதைப் பற்றிக் கேட்கவும், ஆடி விதைப்புக்கு முன் கல் நடச் செய்யவும் காலம் இருக்கும்.